சாஸ் திரிந்தால், இறைச்சி வெளிறினால்: பிரெஞ்சு வீட்டுச் சமையலில் எது எங்கே பிசகுகிறது

நான்கு கோழித் தொடை, இரண்டு சின்ன வெங்காயம், அரைக் கோப்பை வெள்ளை ஒயின், ஒரு கோப்பை ஸ்டாக் (எலும்பு வேக வைத்து வடித்த சாறு), எலுமிச்சை அளவு வெண்ணெய். பிரெஞ்சு வீடுகளில் வார நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு போதும். முக்கால் மணி நேரத்தில், நாள் முழுக்க அடுப்பில் கிடந்தது போன்ற சாஸோடு தட்டுக்கு வந்துவிடும். அதே குறிப்பைப் பார்த்து அதே பொருள்களைப் போட்டுச் செய்தவருக்கோ வெளிறிய கோழியும், எண்ணெய் மிதக்கும் புளித்த நீரும் கிடைக்கும்.

வெண்ணெயையும் க்ரீமையும் அள்ளிக் கொட்டினால்தான் அந்த ருசி வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். என் அனுபவத்தில், அதில் பெரும்பங்கு தண்ணீரைக் கையாள்வதில் இருக்கிறது. ஓரிடத்தில் அதை விரட்ட வேண்டும், ஓரிடத்தில் சுண்ட வைக்க வேண்டும், இன்னோரிடத்தில் கொழுப்போடு பிரியாமல் கட்டி வைக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்று தவறியதால் வருபவை. உங்கள் சட்டியில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## இறைச்சி சிவக்கவில்லை; சாம்பல் நிறத்தில் வெந்து, பானில் நீர் கட்டுகிறது

முதலில் காதைக் கொடுங்கள். சுர்ரென்று கூர்மையாக ஓசை வந்தால் வறுபடுகிறது. தளதளவென்று வந்தால் அவிகிறது. இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அடுப்பு தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். பழுப்பு நிறமும் வறுத்த மணமும் விறுவிறுவென்று உண்டாவது 140 டிகிரிக்கு மேல்தான். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் கூடி நடத்தும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது.

ஈரம் துடைக்காத இறைச்சி, நெருக்கி அடுக்கிய துண்டுகள், சூடேறாத பான்: காரணம் அநேகமாக இவற்றில் ஒன்று. இப்போதே சரிசெய்யலாம். எல்லாத் துண்டுகளையும் வெளியே எடுங்கள். தேங்கிய சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். கொட்டிவிட வேண்டாம், பிறகு சாஸில் சேர்க்கலாம். பானைத் துடைத்து நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, துண்டுகளைத் துணியால் ஒற்றி, பாதியை மட்டும் விரல் அகலம் இடைவெளி விட்டு வையுங்கள். வைத்த பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவந்த இறைச்சி தானே பிடியை விடும். இழுத்தாலும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை.

அடுத்த முறைக்கு உப்பின் நேரத்தைக் கவனியுங்கள். பானில் வைக்கிற நொடியில் தூவுங்கள். இல்லையென்றால் 40 நிமிடமாவது முன்னால் தூவி வையுங்கள். இடையில் உள்ள நேரத்தில்தான் சிக்கல்: உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்திருக்கும், அது திரும்ப உள்ளே போயிருக்காது. முந்தின இரவே உப்பிட்டு, மூடாமல் ஃப்ரிஜில் வைத்த கோழியின் தோல் உலர்ந்து காகிதம் போல் இருக்கும். அதைவிட நல்லது இல்லை. தோல் உள்ள கோழிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. தகிக்கும் பான் வேண்டாம். தோல் கீழே இருக்கும்படி வைத்து மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் விடுங்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு உருகி வடிந்தால்தான் மொறுமொறுப்பு வரும்.

வெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் வெண்ணெய் கருகாது என்று பல குறிப்புகளில் இருக்கும். நம்பாதீர்கள். கருகுவது வெண்ணெயில் உள்ள பால் துகள். எண்ணெய் ஊற்றினாலும் அது பானில்தான் இருக்கிறது, கருகத்தான் செய்யும். கடும் சூட்டுக்கு எண்ணெய் மட்டும் போதும். வெண்ணெய் தீயைக் குறைத்த பிறகு வரட்டும்.

## அடியில் பழுப்பே ஒட்டவில்லை, அல்லது ஒட்டியது கருகிவிட்டது

இறைச்சி வறுபட்ட பானின் அடியில் படியும் பழுப்புப் படலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சொத்தாகவே மதிக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே 'அடி' என்று பொருள் தரும் சொல்தான். நான்ஸ்டிக் பானில் இது படியாது. ஒட்டாமல் இருக்கத்தானே அந்தப் பூச்சு! எவர்சில்வர், அல்லது எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரத்துக்கு மாறுங்கள். பூச்சில்லாத இரும்பிலும் நன்றாகப் படியும். ஆனால் அதில் ஒயின் ஊற்றிச் சுண்ட வைத்தால் சாஸில் இரும்பு வாடை ஏறும்.

படலம் கருத்துவிட்டதா, ஆழ்ந்த பழுப்புத்தானா என்று சந்தேகம் வந்தால், ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டி நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மீட்க வழியில்லை. பானைக் கழுவிவிட்டுப் புது வெண்ணெயில் வெங்காயத்திலிருந்து தொடங்குங்கள். கசப்பை மறைக்கச் சர்க்கரை போடுவது இரண்டு தவறாக முடியும்.

## சாஸ் நீர்த்துக் கிடக்கிறது, ருசி சப்பென்று இருக்கிறது

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க, சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறைச்சியை எடுத்து வைத்தபின் பானில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பை விட்டு மீதியை வடித்துவிட வேண்டும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு நிமிடம். 120 மில்லி ஒயின் ஊற்றி மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி, அது இரண்டு கரண்டி பாகாகச் சுருங்கும்வரை கொதிக்க விட வேண்டும். பிறகு 250 மில்லி ஸ்டாக். அதுவும் மூன்றில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். அடுப்பை அணைத்து, 30 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுப் பானைச் சுழற்ற வேண்டும். நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு கரண்டி சாஸ் வரும். குழம்பு போல் நிறைய வரவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும். அங்கேதான் பாதிப் பேர் ஸ்டாக்கைக் கூடுதலாக ஊற்றிக் கெடுக்கிறார்கள்.

சப்பென்று இருந்தால், அநேகமாக நீங்கள் சுண்ட வைப்பதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். வெண்ணெய் இன்னும் போடவில்லை என்றால் தீயைக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் பின்புறத்தில் சாஸ் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் அளவு. ஆழமான சட்டியில் இதற்கு அரை மணி ஆகும்; அகலமான பானில் ஆறேழு நிமிடம்.

சுண்டியும் பிடிப்பில்லாமல் தண்ணீராக ஓடினால் பிழை ஸ்டாக்கில். எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்த ஸ்டாக்கில் ஜெலட்டின் இறங்கியிருக்கும். ஃப்ரிஜில் வைத்தால் கெட்டியாக உறையும். உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தக் கனம் அதனால் வருவது. பாக்கெட்டிலும் கட்டியாகவும் விற்கும் ஸ்டாக்கில் ஜெலட்டின் பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: 250 மில்லி குளிர்ந்த ஸ்டாக்கின் மேல், சுவை சேர்க்காத ஜெலட்டின் தூள் 5 கிராம் தூவி ஐந்து நிமிடம் ஊற விட்டுப் பானில் ஊற்றுங்கள். சாஸின் கனம் அடியோடு மாறிவிடும். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எலும்பிலிருந்து வருவதும் அதே பொருள்தான்.

கடை ஸ்டாக்கில் இன்னொரு பொறி, உப்பு. மூன்றில் ஒரு பங்காகச் சுண்டினால் உப்பும் மூன்று மடங்காகும். உப்பில்லாதது கிடைக்காவிட்டால் பாதி ஸ்டாக், பாதி தண்ணீர் ஊற்றுங்கள். நீங்கள் உப்புப் போடுவது எல்லாம் சுண்டிய பிறகுதான்.

சோள மாவைக் கரைத்து ஊற்றும் ஆசை வரும். கெட்டியாகும், மறுக்கவில்லை. ஆனால் நீர்த்த ருசி நீர்த்த ருசியாகவே கெட்டியாகும்.

## வெண்ணெய் சாஸ் பிரிந்து மேலே எண்ணெய் மிதக்கிறது

வெண்ணெய் கொழுப்பு மட்டும் அல்ல. பிரான்சில் விற்கும் சாதாரண வெண்ணெயில் குறைந்தது 82 சதவீதம் கொழுப்பு, அதிகபட்சம் 16 சதவீதம் நீர், மீதி பால் துகள். மெல்ல உருகும்போது இந்த மூன்றும் கைகோத்தபடியே சாஸில் கலந்து, அதற்குப் பட்டு போன்ற வழவழப்பைத் தருகின்றன. சூடு ஏறினால் கை நழுவிவிடும். வெண்ணெயை மட்டுமே நம்பி நிற்கும் பெர் பிளாங்க் போன்ற சாஸ் 60 டிகிரியைத் தொட்டாலே ஆட்டம் காணும்.

இந்த பெர் பிளாங்க், நான்ட் நகரை ஒட்டிய லுவார் ஆற்றங்கரைப் பகுதியின் சாஸ். பியர்னேஸ் சாஸில் முட்டைக் கரு சேர்க்க மறந்த கிளெமான்ஸ் லஃபேவ்ர் என்ற சமையற்காரரின் கையில் பிறந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். மறதியில் பிறந்ததோ என்னவோ, செய்யும்போது மறதிக்கு இடமில்லாத சாஸ் அது.

ஓரத்தில் மட்டும் பளபளவென்று எண்ணெய்க் கோடு தெரிகிறதா? இன்னும் கைமீறவில்லை. உடனே அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு கரண்டி குளிர்ந்த நீரோ ஒரு துண்டு ஐஸோ போட்டு வேகமாக அடியுங்கள். முழுவதும் பிரிந்துவிட்டதென்றால் வேறொரு சின்னப் பாத்திரத்தில் இரண்டு கரண்டி க்ரீமைக் கொதிக்க வைத்துப் பாதியாக்கி, இறக்கி, பிரிந்த சாஸை முதலில் துளித் துளியாகவும் பிறகு மெல்லிய நூலாகவும் ஊற்றியபடியே அடித்துக்கொண்டிருங்கள். மறுபடி கூடிவிடும்.

பிரிவதற்கு நேர் எதிரான காரணமும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை: நீர் போதாமை. மேலே சொன்ன கோழிச் சாஸை அளவுக்கு மீறிச் சுண்ட வைத்துவிட்டு வெண்ணெய் போட்டால், கொழுப்பைத் தாங்கிப் பிடிக்க நீரே இருக்காது. வெண்ணெய் எண்ணெயாக உருகித் தனியே நிற்கும். சூடு குறைவாக இருந்தும் பிரிந்தால் இதுதான் காரணம். ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிப் பானைச் சுழற்றிப் பாருங்கள், கண்ணெதிரே சேரும்.

ஹாலந்தேஸ் போல முட்டைக் கரு சேர்ந்த சாஸ் பிரிந்தால், புதிதாக ஒரு கரு, ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீர் இரண்டையும் அடித்து, பிரிந்ததை அதில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கரு வெந்து பொரியல் போல் ஆகிவிட்டிருந்தால் மட்டும் மீட்சி இல்லை.

## ஒயின் சேர்த்தது புளிக்கிறது, அல்லது கசக்கிறது

புளிப்பும் கசப்பும் வெவ்வேறு நோய்கள். புளித்தால் ஒயின் சரியாகச் சுண்டவில்லை. மாட்டிறைச்சி வேகும் சட்டியில் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டு மூடி போட்டால், மூன்று மணி நேரம் கழித்தும் அந்தக் காரப் புளிப்பு நிற்கும். 750 மில்லி ஒயினை முதலில் தனியாகக் கொதிக்க வைத்துப் பாதியாக்கி ஊற்றுங்கள். ஏற்கெனவே செய்து முடித்த சாஸ் புளித்தால், இறைச்சியை எடுத்துவிட்டு சாஸை மட்டும் கொதிக்க விட்டு, இறக்கும்போது ஒரு துண்டு வெண்ணெய் போடுங்கள். கேரட்டையும் வெங்காயத்தையும் நன்றாகச் சிவக்க வதக்கிச் சேர்த்தாலும் அவற்றின் இனிப்பு புளிப்பை மழுக்கும். ஒரு சிட்டிகை சர்க்கரை குற்றமில்லை. இரண்டு சிட்டிகை குற்றம்.

கசந்தால், கருகிய பூண்டு அல்லது கருகிய மாவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒயினே காரணமாக இருக்கலாம். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் சுண்டச் சுண்டத் துவர்ப்பும் கூடி, நாக்கை இழுத்துப் பிடிக்கும். பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் பெயரைத் தாங்கிய பெஃப் பூர்கின்யோனுக்கு (சிவப்பு ஒயினில் வேகும் மாட்டிறைச்சிக்கு) அந்த ஊர்ப் பினோ நுவார் திராட்சை ஒயின் ஒத்துப்போவதற்கு, அதில் துவர்ப்பு குறைவு என்பதும் ஒரு காரணம்.

கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பதும் தவறு. இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் சேர்த்ததில் ஏறக்குறைய 5 சதவீதம் மிஞ்சும். கால் மணி நேரம் மட்டும் கொதித்த சாஸில் ஏறக்குறைய 40 சதவீதம். மதுவே வேண்டாம் என்பவர்கள் அதே அளவு ஸ்டாக்கும் ஒரு கரண்டி ஒயின் வினிகரும் சேர்க்கலாம். அச்சு அசலாக வராது, ஆனால் புளிப்பு செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடும்.

## வெங்காய சூப்: வெங்காயம் வெந்தது, ஆனால் நிறமும் இனிப்பும் ஏறவில்லை

பத்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று குறிப்பில் எழுதியிருந்தால் எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. ஒரு கிலோ வெங்காயத்துக்கு ஒரு மணி நேரம். அவசரக்காரருக்கு 50 நிமிடம். வெங்காயத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அது வெளியேறி முடியும்வரை நிறம் மாற வழியே இல்லை. பிறகு மாறும்போது வேகமாக மாறும்.

அதனால் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடிகனமான அகலப் பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெய், மெல்லியதாக நறுக்கிய வெங்காயம், அரைத் தேக்கரண்டி உப்பு. மூடி போட்டு, மிதமான தீயில் 15 நிமிடம். துவண்டு நீர் விட்டிருக்கும். இனி மூடி வேண்டாம். நீர் வற்றும்வரை தீ கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வற்றி அடியில் பிடிக்கத் தொடங்கியதும் குறைத்துவிடுங்கள். அடி பழுப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டி, அந்தப் பழுப்பை வெங்காயத்திலேயே பூசிவிடுங்கள். ஏழெட்டு முறை இப்படிச் செய்தால் பாத்திரம் நிறைய இருந்தது ஒரு கிண்ணமாக ஒடுங்கி, தேன் நிறம் தாண்டிப் பழுப்புப் பளபளப்புக்கு வரும். சூப்பின் ருசி இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஊற்றும் ஸ்டாக் சுமாராக இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

நிறம் வராமல் வெளிறிய கூழாக நிற்கிறதா? மூடியை எடுக்கவில்லை, அல்லது பாத்திரம் குறுகல். அகலமானதுக்கு மாற்றுங்கள். ஓரம் கருகி நடுவில் வெள்ளையாக இருக்கிறதா? தீ அதிகம், கருகியதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துத் தொடருங்கள். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் நிறம் வரும் என்பது உண்மைதான். காரத்தன்மை பழுப்பாகும் வினையை வேகப்படுத்தும். ஆனால் வெங்காயத்தின் நாரையும் கரைத்துவிடும், சோப்பு வாடையும் எட்டிப் பார்க்கும். ஒரு முறை செய்து பார்த்தேன். அந்தப் பானையை யாரும் காலி செய்யவில்லை.

மேலே போடும் ரொட்டி ஊறிச் சொதசொதவென்று கரைந்தால், அதை வெறும் டோஸ்ட்டாகப் போட்டிருக்கிறீர்கள். துண்டுகளை 150 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம் உள்வரை உலர்த்துங்கள். தட்டினால் டொக்கென்று ஓசை வர வேண்டும். அதன் மேல் கிரூயேர் அல்லது கோன்தே சீஸ். பாரிஸின் நடுவில் இருந்த லே ஆல் சந்தையில் விடிகாலைச் சுமை இறக்கியவர்களின் பசி தீர்த்த சூப் இது. அந்தச் சந்தை 1969-இல் ரன்ஜிஸுக்கு இடம் பெயர்ந்த பிறகும், சந்தை நின்ற பகுதியின் உணவகங்களில் சூப் தங்கிவிட்டது.

## வெள்ளை சாஸில் கட்டி, அல்லது பச்சை மாவு வாடை

பெஷமெல் சாஸுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, அரை லிட்டர் பால். கட்டி விழுவது பாலை ஒரே மூச்சில் கொட்டுவதால். முதல் கால் பங்குப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் வழவழவென்று ஆகும்வரை அடித்துவிட்டால், மீதியை எப்படி ஊற்றினாலும் கட்டி வராது. விழுந்துவிட்ட கட்டியை வடிகட்டியில் தேய்த்து வடித்துவிடுங்கள். மிக்சியில் அரைக்கலாம் என்றாலும் நீண்ட நேரம் ஓட்டினால் பசையாகிவிடும்.

மாவு வாடை வந்தால் இரண்டு சந்தேகம். வெண்ணெயில் மாவை இரண்டு மூன்று நிமிடம் நுரைக்க விடவில்லை. அல்லது பால் சேர்த்தபின் கொதி வரும் முன்பே இறக்கிவிட்டீர்கள். கொதிநிலையை எட்டினால்தான் மாவு முழுமையாகக் கெட்டிப்படும். பிறகு சிறுதீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். ஜாதிக்காயைத் துருவிப் போடுங்கள், தூவுவது தெரியாத அளவுக்கு.

## மூன்று மணி நேரம் வெந்தும் மாட்டிறைச்சி கடினமாக, அல்லது சக்கையாக இருக்கிறது

முள்கரண்டியைக் குத்திப் பாருங்கள். ரப்பர் போல் எதிர்த்தால் இன்னும் வேகவில்லை; தயங்காமல் இன்னொரு அரை மணி நேரம் கொடுங்கள். எளிதாக நார்நாராகப் பிரிந்தும் வாயில் வறண்டிருந்தால் தேர்ந்தெடுத்த துண்டு தவறு. கொழுப்பும் சவ்வும் இல்லாத தொடை இறைச்சியில், நாரிலிருந்து வெளியேறிய நீருக்கு ஈடாக எதுவும் இல்லை. தோள், கன்னம், முன்னங்கால் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற சவ்வுப் புரதம் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகி, வறண்ட நாரைப் பூசி மூடிவிடும். நீருக்குள் முழுகியிருந்தாலும் இறைச்சி வறளும் என்பது முதலில் நம்ப முடியாததுதான்.

கொதிக்க விடுவது அடுத்த குற்றம். சட்டியில் ஓரிரு குமிழி சோம்பலாக வந்தால் போதும். 150 டிகிரி ஓவனில் மூடி வைத்தால் இது தானாக அமையும். அடுப்பின் மேல் வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். வெந்ததும் இறைச்சியைச் சாற்றிலேயே ஆற விட்டு, மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுங்கள். மேலே உறைந்த கொழுப்பையும் அப்போது தட்டாகவே எடுத்துவிடலாம். சாறு இன்னும் நீர்த்திருந்தால் வெண்ணெயும் மைதாவும் சம அளவில் பிசைந்த உருண்டையை, சுண்டைக்காய் அளவு, கொதிக்கும் சாற்றில் ஒவ்வொன்றாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள்.

## உருளைக்கிழங்கு கிராத்தானில் பால் திரிந்து, நீர் தனியே நிற்கிறது

சீவிய கிழங்கை ஓவனில் சுட்டெடுக்கும் கிராத்தானில், பாலை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். நீண்ட நேரச் சூட்டில் பாலின் புரதம் திரளும். க்ரீமின் கொழுப்பு அதைத் தடுக்கும். பிரான்சில் 'க்ரீம்' என்று மட்டும் எழுதி விற்பதில் குறைந்தது 30 சதவீதம் கொழுப்பு இருக்கும். 'லேசானது' என்று விற்பதில் அதற்கும் குறைவு. ஓவனுக்கும், ஒயின் சேர்ந்த சாஸுக்கும் முதல் வகையைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோ கிழங்குக்கு 500 மில்லி க்ரீம், 200 மில்லி பால். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவிய கிழங்கைக் கழுவாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் க்ரீமைக் கெட்டியாக்கிப் பிணைக்கிறது. கழுவினால் அது சாக்கடையில் போகும். க்ரீம், பால், பூண்டு, உப்போடு சேர்த்து அடுப்பிலேயே பத்து நிமிடம் கொதிக்க விட்டுவிட்டு, 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். திரிந்துபோனதைச் சரிசெய்ய முடியாது. ருசி இருக்கும், சாப்பிட்டுவிடலாம்.

சீஸ் போட வேண்டுமா என்று கேட்டால், 1788-இல் தென்கிழக்குப் பிரான்சின் காப் (Gap) என்ற ஊரில் நடந்த விருந்து ஒன்றில் முதன்முதலாகப் பதிவான தோஃபினே வட்டார முறையை விடாமல் பிடித்திருப்பவர்கள் சீஸும் கூடாது, முட்டையும் கூடாது என்று சண்டைக்கு வருவார்கள். நான் அவர்கள் பக்கம்.

## ஆம்லெட் ஒட்டுகிறது, பழுப்பாகிறது, அல்லது நீர் விடுகிறது

மூன்று முட்டை, 15 கிராம் வெண்ணெய், 20 சென்டிமீட்டர் பான். இதற்கு மட்டும் நான்ஸ்டிக் நல்லது. வெண்ணெய் உருகி நுரைத்து, நுரை அடங்கும் நொடியில் முட்டையை ஊற்ற வேண்டும். நுரை அடங்கினால் அதன் நீர் போய்விட்டது என்று பொருள். முன்னதாக ஊற்றினால் ஒட்டும், வெண்ணெய் சிவக்கும்வரை காத்திருந்தால் முட்டையும் சிவக்கும். ஊற்றியதும் ஒரு கையால் பானை ஆட்டி, மறு கையால் முள்கரண்டியைக் கொண்டு இடைவிடாமல் கிளறி, மேல்பரப்பு ஈரமாக இருக்கும்போதே சுருட்டிவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. தட்டில் நீர் கசிந்தால் அதிகம் வெந்துவிட்டது. உப்பை 15 நிமிடம் முன்பே முட்டையில் அடித்து வைத்தால் கசிவு குறையும்.

## கீஷின் அடி சொதசொதப்பு

முட்டையும் க்ரீமும் நிரப்பிச் சுடும் கீஷுக்கு, முதலில் மாவை மட்டும் தனியே, மேலே காகிதம் விரித்துக் காய்ந்த பயறைப் பரப்பி, 190 டிகிரியில் 20 நிமிடம் சுட்டு, காகிதத்தை நீக்கி இன்னொரு பத்து நிமிடம். சூட்டோடு முட்டை வெள்ளையைப் பூசினால் மெல்லிய பூச்சாக உறைந்து ஈரத்தைத் தடுக்கும். காளானோ கீரையோ உள்ளே போனால் முதலில் வதக்கிப் பிழிந்துவிடுங்கள். நிரப்பியதில் ஓட்டை விழுந்து நீர் நின்றால் அதிகம் வெந்துவிட்டது. நடுப்பகுதி இன்னும் தளும்பும்போதே வெளியே எடுக்க வேண்டும்.

## சாலட்டில் வினிகர் ஒருபக்கம், எண்ணெய் ஒருபக்கம்

மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர், ஒரு தேக்கரண்டி திஜோன் கடுகு விழுது. உப்பு எண்ணெயில் கரையாது, ஆகவே முதலில் வினிகரில் கரைத்துவிடுங்கள். பிறகு கடுகு, கடைசியில் எண்ணெயை நூலாக ஊற்றி அடிப்பது. கலவை நன்றாகக் கூடியும் இலையில் ஒட்டாமல் வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் சேர்கிறதென்றால், இலையை உலர்த்தவில்லை.

## எல்லாம் சரியாக வந்திருக்கிறது, ஆனாலும் ஏதோ குறைகிறது

வெண்ணெய்ப் பக்கம் கை போகும். போகட்டும், ஆனால் கடைசியாக. முதலில் ஒரு கரண்டி சாஸைத் தனியே எடுத்து, அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ருசியுங்கள். நன்றாகிவிட்டதா, சட்டியிலும் போடுங்கள். ஆகவில்லையென்றால் இன்னொரு கரண்டியில் இரண்டு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். கொழுப்பு மிகுந்த சாஸ் மந்தமாக இருப்பதற்கு அநேகமாக இதுவே மருந்து. இரண்டும் பலிக்கவில்லையென்றால் பிழை பின்னால் போய்விட்டது: இறைச்சி சிவக்கவில்லை, அல்லது சாஸ் சுண்டவில்லை. இறைச்சிக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. சாஸை மட்டும் திரும்ப அடுப்பில் ஏற்றி, வெண்ணெய் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மிதமான தீயில் துழாவிக்கொண்டே சுருங்க விடுங்கள். பிரிந்தால் என்ன செய்வதென்று தெரியுமே. பார்ஸ்லி, டாராகன் போன்ற மென்மையான இலைகளை நறுக்கி அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். தைமும் பே இலையும் அப்படியல்ல. அவை தொடக்கத்திலேயே சட்டிக்குள் போயிருக்க வேண்டும்.